முட்டி மடங்காமல்

வீராங்கனைகள் விடுதி,
கொழும்பு.
19 ஜனவரி 2025

அன்புள்ள அண்ணிக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். பொங்கல் கூட்டத்தில் ஹட்டனிலிருந்து அவிசாவளை வரை நின்றுகொண்டே வந்தேன். நீங்கள் கட்டித் தந்த முறுக்கு பாதி தூளாகிவிட்டது. என் அறையில் இருக்கும் சந்துனி அந்தத் தூளையும் விடவில்லை. எம்பிலிப்பிட்டியப் பிள்ளை, ஈட்டி எறிகிறவள்.

இனி என் போன் வரவில்லையே என்று தேடாதீர்கள். போனைக் கொடுத்துவிட்டேன். யாரும் பறிக்கவில்லை. எங்களுக்கு மனப்பயிற்சி கொடுக்க வரும் நிலூகா மிஸ் கேட்டார், நானாகவே கொடுத்தேன். காரணத்தைச் சொல்லவேண்டுமென்றால் போன ஆகஸ்டில் நடந்ததைச் சொல்லவேண்டும். நீங்கள் ஒரு தரமும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. யாரிடமாவது சொல் என்று மிஸ் சொன்னதால் உங்களுக்கு எழுதுகிறேன்.

எங்கள் வேகநடையில் எப்போதும் ஒரு பாதம் தரையில் இருக்கவேண்டும். முன்னே வைக்கிற கால் தரையைத் தொட்டதிலிருந்து உடம்பு அதன்மேல் நிமிரும் வரை முட்டி மடங்கக்கூடாது. வழியெல்லாம் நடுவர்கள் நின்று பார்ப்பார்கள். மூன்று நடுவர்கள் சிவப்பு அட்டை எழுதினால் வெளியே. ஆகஸ்ட் போட்டியன்று என் எண்ணுக்கு நேரே இரண்டு சிவப்பு இருப்பதைப் பலகையில் பார்த்தேன். பார்த்ததிலிருந்து கால் என்னுடையதாக இல்லை. கடைசிச் சுற்றில் தலைமை நடுவர் சிவப்புத் தட்டை என் முகத்துக்கு நேரே நீட்டினார். சாலையோரக் கல்லில் உட்கார்ந்து அழுதேன்.

அண்ணன் எதிரே நின்றார். என்னைப் பார்த்தார். பிறகு முதுகைக் காட்டித் திரும்பிப் போய்விட்டார். பஸ் நிலையத்தில்தான் மறுபடி கண்டேன். ஹட்டன் வரை ஒரு வார்த்தை பேசவில்லை.

யாரோ எடுத்த வீடியோ ஊரெல்லாம் சுற்றியது உங்களுக்குத் தெரியும். நான் இடுப்பை ஆட்டி நடப்பதையும் உட்கார்ந்து அழுவதையும் சேர்த்து, குத்துப்பாட்டு ஒன்றைப் போட்டிருந்தார்கள். உங்களுக்குத் தெரியாதது, நான் அதைத் தினமும் பயிற்சிக்கு முன் திறந்து, கீழே எழுதியிருப்பதையெல்லாம் வாசித்தேன் என்பது. ஏன் என்று எனக்கே தெரியாது. மிஸ்ஸிடம் சொன்னேன். “சப்பாத்துக்குள் நீயே கல்லைப் போட்டுக்கொண்டு நடக்கிறாய்” என்றார். அதனால் போன் இப்போது ஆபீஸில். அவசரமென்றால் விடுதி நம்பருக்கு எடுங்கள். மற்றபடி கடிதம்தான்.

அண்ணன் என் பெயரை வீட்டில் எடுக்கிறாரா? பொங்கலுக்கு நான் வந்த நாட்களிலும் இரவுச் சவாரிக்கு ஹயர் இருக்கிறது என்று போனார், பகலில் தூங்கினார். அவர் ஓட்டும் முச்சக்கர வண்டியைக்கூடக் கண்ணில் காணவில்லை. என்னைத் தவிர்க்கிறார் என்று விளங்குகிறது. சங்கடப்படாமல் உள்ளதை எழுதுங்கள்.

பிரியமுள்ள
சுதா

கீழ்க்கணக்கு லயம்,
நோர்வூட்.
2 பெப்ரவரி 2025

அன்புள்ள சுதாவுக்கு,

நாங்கள் சுகம். உன் சுகத்தைத்தான் விளங்கிக்கொள்ள முடியவில்லை. பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறாய், என்ன சாப்பிடுகிறாய் என்று ஒரு வரி இல்லை.

உன் கடிதம் தோட்ட ஆபீஸுக்கு வந்து, காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்குப் போனபோது, எங்களை மேய்க்கும் கண்டாக்கு ஐயா எல்லார் முன்னாலும் என் பெயரைக் கூப்பிட்டுக் கொடுத்தார். கையெழுத்துக் கடிதத்தைக் கண்டு எல்லோருக்கும் பதற்றம். “என்னா நாகு, கோர்ட்டுல இருந்தா?” என்று சண்முகவடிவு அக்கா கேட்டார். நாத்தனார் எழுதியது என்றேன். “போன் ஒடஞ்சி போச்சா?” என்று அடுத்த கேள்வி. என்ன சொல்வது என்று தெரியாமல் ஆமாம் என்றுவிட்டேன்.

மனசுக்குப் பயிற்சி என்பது எனக்கு ஏறவில்லை சுதா. கால் நடக்கிறது, மனசு கூடவே போகிறது. அதற்குத் தனியாக ஒரு மிஸ் எதற்கு? கேலியாக எடுத்துக்கொள்ளாதே, தெரியாமல்தான் கேட்கிறேன்.

உன் அண்ணன் நல்லாயிருக்கிறார். ராத்திரி ஹயர் அதிகம். பெயரை எடுக்கிறாரா என்று கேட்டாய். எடுக்கிறார் என்று எழுதக் கை வரவில்லை. ஆனால் உன் கடிதத்தை மேசையில் வைத்துவிட்டுக் கொழுந்து பறிக்க மலைக்குப் போனேன். கொழுந்து நிறுத்துவிட்டு வந்து பார்த்தால் மடிப்பு மாறியிருந்தது. வீட்டில் வேறு ஆள் இல்லை.

மாசிச் சம்பல் அனுப்புகிறேன். சந்துனிக்கும் கொடு.

அன்புடன்
அண்ணி நாகலெட்சுமி

கொழும்பு.
9 மார்ச் 2025

அன்புள்ள அண்ணிக்கு,

முதலில் சாப்பாடு. காலையில் பாண், முட்டை, கடலை. மத்தியானம் சோறும் மீனும். இரவும் சோறு. உறைப்பு என்பது பேருக்கும் இல்லை. உங்கள் சம்பல் ஒரு கிழமைகூட நிற்கவில்லை. போதுமா?

இனி உங்கள் கேள்வி. மிஸ் சிங்களத்தில் பேசுவார், எனக்கு விளங்கியதை எழுதுகிறேன். கால் பழகுகிற மாதிரி மனசும் நாள் முழுக்க எதையாவது பழகிக்கொண்டே இருக்கிறதாம். தினமும் அந்த வீடியோவைப் பார்த்து நான் தோற்கப் பழகியிருக்கிறேன். நன்றாகவே பழகியிருக்கிறேன். இப்போது வேறொன்றைப் பழகவேண்டும்.

காலையில் எழுந்ததும் கண்ணை மூடிப் போட்டியை நடந்து பார்ப்பேன். வெளியே நின்று என்னைப் பார்ப்பது போல இல்லை, என் கண்ணாலேயே சாலையைப் பார்ப்பது போல. தார் வாசம், முன்னே போகிறவளின் சடை, குதிகாலில் சப்பாத்து உரசுவது எல்லாம் வரவேண்டும். ஆரம்பத்தில் இரண்டாவது சிவப்பு விழும் இடத்தில் படம் அறுந்துபோகும். “நல்லதை மட்டும் பார்க்காதே. அட்டை விழட்டும். விழுந்த பிறகு என்ன செய்வாய், அதைப் பார்” என்றார் மிஸ். அதற்கு ஒரு சொல் வைத்துக்கொள்ளச் சொன்னார். என் பாஷையில் இருக்கவேண்டுமாம். காலை ஊன்று என்கிறோமே, அந்த ‘ஊனு’வை வைத்திருக்கிறேன். அட்டை விழுந்தால் மூச்சை நீளமாக விட்டு, ஊனு என்று குதிகாலை வைப்பேன். அந்த அடி மட்டும்தான் என் வேலை.

பிறகு சிரிப்புப் பயிற்சி. விடுதிப் பிள்ளைகளைத் திடலைச் சுற்றி நிறுத்தி, அந்தப் பாட்டை ஸ்பீக்கரில் போட்டு, நான் வரும்போது சிரிக்கச் சொன்னார். சந்துனி ஈட்டியைப் பிடித்துக்கொண்டு இடுப்பை ஆட்டி நடந்தே காட்டினாள். முதல் நாள் அரைச் சுற்றில் முட்டி மடங்கிவிட்டது. சுவரோரம் போய் அழுதேன். சந்துனி பயந்துபோய் மன்னிப்புக் கேட்க ஓடிவந்தாள். மிஸ் அவளைத் தடுத்து, “அவளுக்கு மன்னிப்பு வேண்டாம். இன்னொரு சுற்று வேண்டும்” என்றார். இப்போது பாட்டு காதில் விழுகிறது, அவ்வளவுதான்.

போகாதது ஒன்றுதான். அண்ணனின் முதுகு. எந்தச் சுற்றிலும் வந்து நிற்கிறது.

சாலையோரம் உனக்காக நிற்கிறவர்களை மனசில் நிறுத்திப் பார் என்று ஒருநாள் மிஸ் சொன்னார். உங்களை நிறுத்தினேன். பள்ளிக்கூட பி.டி. மாஸ்டரை நிறுத்தினேன். அண்ணனை விட்டுவிட்டேன். எனக்கு அண்ணனே இல்லை என்று வைத்துக்கொண்டேன். உங்களிடம் எழுதக்கூடாதுதான். ஆனால் அன்றைக்குப் போல லேசாக நான் நடந்ததே இல்லை.

பிரியமுள்ள
சுதா

நோர்வூட்.
23 மார்ச் 2025

அன்புள்ள சுதாவுக்கு,

உன் மிஸ் சொன்ன மூச்சை நானும் செய்து பார்த்தேன். இலை முத்தல் என்று கண்டாக்கு கத்திக்கொண்டிருந்தார். நான் மூச்சை நீளமாக விட்டேன். “என்னா நாகு, பெருமூச்சு விடுற? நான் பேசுறது அலுப்பா இருக்கா?” என்று இன்னும் கத்தினார். இது தோட்டத்துக்கு ஆகாது.

சிரித்துக்கொண்டே படித்து வந்தவள் உன் கடைசிப் பக்கத்தில் நின்றுவிட்டேன். இந்தக் கடிதத்தை மேசையில் வைக்கவில்லை. அரிசி வாளிக்குள் ஒளித்துவைத்தேன். உனக்கு அண்ணன் இல்லையென்றால் நான் உனக்கு யார்?

சொல்லாதே என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தார். மீறுகிறேன்.

உன் அண்ணன் இப்போது முச்சக்கர வண்டி ஓட்டுவதில்லை. செப்டம்பரில் ஸ்டாண்டில் ஒருவன் அந்தப் பாட்டைப் போட்டுக்கொண்டு உன்னைப் போல நடந்து காட்டியிருக்கிறான். இவர் பொறுத்துத்தான் பார்த்தாராம். அடுத்தடுத்த நாளும் செய்ததும் அடித்துவிட்டார். அவன் பல் விழுந்துவிட்டது. பொலிசுக்குப் போய், சமாதானமாகி, கடைசியில் ஸ்டாண்டில் வண்டி நிறுத்தக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். வண்டியை விற்றுவிட்டார். கந்தப்பளையிலிருந்து கொழும்புச் சந்தைக்கு மரக்கறி கொண்டுபோகும் லொறியில் கையுதவியாகப் போகிறார். ஹட்டனில் ஏறிக்கொள்வார். ராத்திரிப் பயணம். பொங்கலுக்கு நீ பார்த்தது அதைத்தான். உனக்குத் தெரிந்தால் என்னால்தானே என்று நடையை விட்டுவிடுவாய் என்று அவருக்குப் பயம்.

முதுகைக் காட்டினார் என்று எழுதியிருந்தாயே, அதையும் நேற்றுக் கேட்டேன். “ஏங்க, அன்னைக்கு அந்தப் புள்ள அழுவுறப்ப ஏன் திரும்பிப் போனீங்க?”

சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

“அவ ரோட்டோரமா குந்தி அழுவுறா. சுத்தி நிக்கிறவன் எல்லாம் போனத் தூக்கிப் பிடிச்சிக்கிட்டு இருக்கான். நான் கிட்ட போனா நானும் அழுதிருவேன். எங்க ரெண்டு பேரையும் சேத்துல்ல படம் பிடிச்சிருப்பானுக.”

“அத அவகிட்ட சொல்லியிருக்கலாந்தானே?”

“பஸ்ஸுல சொல்லத்தான் பாத்தேன். வாயத் தொறந்தா அழுகதான் வரும் போல இருந்திச்சி. அப்புறம் நாளாச்சி. நாளான பொறகு எப்புடி ஆரம்பிக்கிறது?”

இவ்வளவுதான் நடந்தது. அண்ணன் இல்லை என்று இனி எழுதாதே. எழுதினால் அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டு மிச்சத்தைத்தான் படிப்பேன்.

அன்பும் கோபமுமாக
அண்ணி

கொழும்பு.
6 ஏப்ரல் 2025

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு நேராகப் பயிற்சிக்குப் போனேன். போயிருக்கக்கூடாது. யாரும் சிரிக்காமலே முட்டி மடங்கியது.

கோபம் உங்கள்மேல்தான். அந்த முதுகை வைத்துக்கொண்டு நடக்க எவ்வளவு பாடுபட்டுப் பழகினேன் தெரியுமா? இப்போது அது வந்தால் அதற்கு அந்தப் பக்கம் அழுகிற முகமும் தெரிகிறது. கோபத்தோடு நடக்கலாம் அண்ணி. பாவம் என்று நினைத்துக்கொண்டு நடக்க முடியவில்லை.

இனி நடக்கமாட்டேன், ஊருக்குப் போகிறேன் என்று மிஸ்ஸிடம் சொன்னேன். பையைக்கூட அடுக்கிவிட்டேன். அவர் முழுக்கக் கேட்டுவிட்டு, “போ. பஸ்ஸுக்கு நேரம் இருக்கிறது. அதற்கு முன் ஒன்று சொல். நீ நடப்பதை நிறுத்தினால் உன் அண்ணனுக்கு வண்டி திரும்பக் கிடைக்குமா?” என்று கேட்டார். நான் பையைக் கீழே வைத்தேன். பிறகு சொன்னார்: “அண்ணன் இல்லை என்று நீ வைத்துக்கொண்டது பயிற்சி இல்லை, ஒளிந்துகொள்வது. நான் கவனித்திருக்கவேண்டும். அவர் ஏன் திரும்பினார் என்பது வீட்டு விஷயம், நல்ல விஷயம், வீட்டில் போய்ப் பேசு. சாலையில் அது வெறும் படம். வந்தால் வரட்டும். விரட்டாதே. உட்காரவைத்து உபசரிக்கவும் செய்யாதே. உன் வேலை குதிகால்.”

பையிலிருந்து துணிகளை எடுத்துத் திரும்ப அலமாரியில் அடுக்கினேன்.

பல் போன அந்த ஆள் எப்படி இருக்கிறார்? பாவம்தானே அவரும்.

மே மாதக் கடைசியில் தேர்வுப் போட்டி. இருபத்துநான்காம் தேதி விடியற்காலையில், பத்தரமுல்லையில் ஏரிக்கரைச் சாலையில் நடக்கும். முதல் இரண்டு பேர் வெளிநாட்டுப் போட்டிக்குப் போவார்கள். அது முடியும் வரை அண்ணனைப் பற்றி ஒன்றும் எழுதவேண்டாம். வெறுப்பினால் சொல்லவில்லை, நம்புங்கள். இப்போது என்னால் தூக்க முடியாது. எனக்குத் தெரியும் என்றும் அவரிடம் சொல்லவேண்டாம்.

சுதா

நோர்வூட்.
20 ஏப்ரல் 2025

அன்புள்ள சுதாவுக்கு,

நீ எழுதாதே என்றதை எழுதவில்லை. ஆகவே மழையைப் பற்றி எழுதுகிறேன். பகல் இரண்டு மணியானால் வருகிறது. அட்டை கடித்துக் கால் முழுக்கத் தழும்பு. சண்முகவடிவு அக்காவின் மகளுக்கு டிக்கோயா ஆஸ்பத்திரியில் பெண் பிள்ளை பிறந்திருக்கிறது. சித்திரை வருடப்பிறப்புக்குக் கேசரி கிண்டினேன். மூன்று பேருக்குக் கிண்டிப் பழகிய கை, மிஞ்சிப்போனது. மிஞ்சியதை யார் சாப்பிட்டார்கள் என்று எழுதமுடியாது.

பல் போனவன் சுகமாக இருக்கிறான். பொய்ப் பல் கட்டியிருக்கிறான், முன்னைவிட அழகு.

உன் கோபத்தை நான் தாங்குவேன். கடிதம் போடாமல் மட்டும் இருந்துவிடாதே.

அண்ணி

கொழும்பு.
25 மே 2025

அன்புள்ள அண்ணிக்கு,

போட்டி நேற்று முடிந்தது. மூன்றாவதாக வந்தேன். முதல் இரண்டு பேர்தான் போகிறார்கள், நான் போகவில்லை. முதலிலேயே சொல்லிவிட்டால் நீங்கள் கடைசிப் பக்கத்தைப் புரட்டிப் பார்க்கமாட்டீர்கள்.

வெளிச்சம் வரும் நேரத்தில் தொடங்கினோம். ஒரு கிலோமீட்டர் சுற்று, போய்ப் போய் வரவேண்டும். பாதி வழியில் முதல் சிவப்பு விழுந்தது. எதிர்பார்த்ததுதான், மனசுக்குள் நூறு தரம் விழவைத்துப் பார்த்த அட்டை. இரண்டாவது, நான் மூன்றாம் இடத்துக்கு ஏறிய கொஞ்சத்தில் விழுந்தது. பலகையைப் பார்த்தேன். பொய் சொல்லமாட்டேன், படம் வந்தது. முதுகும் வந்தது. முகமும் வந்தது. நான் விரட்டவில்லை. மூச்சை விட்டேன். ஊனு. அதற்குப் பிறகு சாலையும் என் கால்களும்தான் நினைவிருக்கிறது. எனக்கு முன்னால் போனவளை எட்டிப்பிடிக்க ஓர் ஆசை வந்தது. பிடிக்கப் போயிருந்தால் முட்டி மடங்கியிருக்கும். விட்டுவிட்டேன். அதற்காக இரவு முழுக்க வருத்தப்பட்டேன், இன்று காலையில் வருத்தம் குறைந்திருக்கிறது.

முடிவுக் கோட்டைத் தாண்டியதும் நேரத்தைப் பார்த்தேன். நான் இதுவரை நடந்ததிலேயே நல்ல நேரம். அடுத்த வருடமும் பயிற்சிக் குழுவில் வைத்திருப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். மிஸ் வந்து கையைப் பிடித்தார்.

இனி நீங்கள் அண்ணனைப் பற்றி எழுதலாம்.

பிரியமுள்ள
சுதா

நோர்வூட்.
1 ஜூன் 2025

அன்புள்ள சுதாவுக்கு,

எழுதலாம் என்றாய். எழுதுவதற்கு நிறைய இருக்கிறது.

உன் ஏப்ரல் கடிதத்தையும் அரிசி வாளிக்குள்தான் வைத்திருந்தேன். அரிசி எடுக்கப் போனவர் கண்டுபிடித்துவிட்டார். படித்தேன் என்றும் சொல்லவில்லை, படிக்கவில்லை என்றும் சொல்லவில்லை. போட்டி நடந்த சனிக்கிழமை மத்தியானம் லொறியை விட்டு வந்தவர், முகம்கூடக் கழுவாமல் அடுப்படியில் வந்து நின்றார்.

“சுதா நடக்குறதப் பாத்தேன் நாகு.”

அகப்பையைக் கீழே வைத்துவிட்டேன். சந்தையில் இறக்கிப்போட்டுவிட்டு, டிரைவரிடம் கெஞ்சி, ஏரிக்கரைக்கு வந்து நின்றிருக்கிறார்.

“அவ ஒங்களப் பாத்தாளா?”

“இல்ல. மொத வாட்டி வரையில கூப்பிட்டேன், சுதான்னு. கேக்கல. அடுத்த வாட்டி சத்தமாவே கூப்பிட்டேன். கை நீட்டுனா தொட்டுறலாம், அவ்வளவு கிட்டத்துல போறா. கண்ணு ரோட்டுலயே இருக்கு. அதுக்கப்புறம் நான் கூப்பிடல.”

“வருத்தமா இருக்குங்களா?”

செம்பில் தண்ணீர் மொண்டு குடித்தார். பிறகு, “அங்கன ரெண்டு பயலுக அவ நடையப் பாத்து சிரிச்சானுக நாகு. அதுவும் அவளுக்குக் கேக்கல” என்றார்.

ஸ்டாண்டில் விழுந்த பல்தான் எனக்கு நினைவுக்கு வந்தது. “நீங்க என்னா செஞ்சீங்க?”

“என்னா செய்ய? அவளுக்கே கேக்கல. எனக்கென்ன வந்திச்சி?”

சொல்லிவிட்டுச் சிரித்தார் சுதா. போன ஆகஸ்டுக்குப் பிறகு இப்போதுதான் பார்க்கிறேன் அந்தச் சிரிப்பை. லொறி புறப்பட ஹோர்ன் அடித்துவிட்டார்களாம், முடிவைப் பார்க்காமலே வந்துவிட்டார். நீ மூன்றாவது வந்ததை உன் கடிதம் வந்த பிறகுதான் சொன்னேன். என் கையிலிருந்து கடிதத்தை வாங்கி, வெளியே படிக்கட்டில் உட்கார்ந்து, எழுத்துக்கூட்டிப் படிக்கிறவர் மாதிரி மெதுவாகப் படித்தார்.

நீங்களே எழுதுங்கள் என்றேன். எனக்கு எழுத வராது, நீயே எழுது என்றார். அதனால் எழுதினேன்.

எப்போது வருகிறாய்? கேசரி கிண்டவேண்டும்.

அண்ணி

கொழும்பு.
8 ஜூன் 2025

அன்புள்ள அண்ணிக்கு,

சத்தியமாகக் கேட்கவில்லை. நீலச் சட்டை போட்ட ஒருவர் என் பெயரைச் சொல்லிக் கத்தினார் என்று சந்துனி அன்றே சொன்னாள். யாரோ தோட்டத்து ஆள் என்று நினைத்தேன். உங்கள் கடிதத்தை மாடிப்படியில் உட்கார்ந்து படித்து, அங்கேயே அழுதேன். நல்லவேளை, யாரும் வீடியோ எடுக்கவில்லை.

அரிசி வாளியில் படித்திருப்பார், இருந்தாலும் வண்டி போனது எனக்குத் தெரியும் என்று சொல்லிவிடுங்கள். அதைப் பற்றி வீட்டில் வந்து பேசிக்கொள்கிறேன். என்ன பேசுவது என்று இன்னும் தெரியவில்லை. அவருக்கும் தெரியாது. பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடலாம், அது இரண்டு பேருக்கும் தெரியும். வருகிற வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன்.

டிசம்பரில் அடுத்த போட்டி. அண்ணன் வருவதானால் சுற்றில் எங்கேயும் நிற்கவேண்டாம். அங்கே நிற்கிறவர்கள் யாரும் என் கண்ணுக்குத் தெரியமாட்டார்கள், அவரும்தான். முடிவுக் கோட்டுக்கு அந்தப் பக்கம் நிற்கச் சொல்லுங்கள். லொறி போனால் போகட்டும், இரண்டு பேரும் பஸ்ஸில் வரலாம். கோட்டைத் தாண்டிவிட்டால் நான் எல்லாரையும் பார்ப்பேன்.

உங்கள் இருவருக்கும் பிரியமுள்ள
சுதா